சீர்க் கணக்கில் ஏழு ஆழ்துளைக் கிணறுகள்

1. சேலத்திலிருந்த எங்கள் புள்ளிவிவர அலுவலகத்துக்குத் தலைமையிலிருந்து ஒரு படிவம் வந்தது. ஒவ்வொரு பகுதியிலும் தொழில்கூடங்கள் ஆராய்ச்சிக்கும் அபிவிருத்திக்கும் எவ்வளவு செலவிடுகின்றன என்று திரட்டி, பகுதிகளை ஒன்றோடொன்று ஒப்பிடுவது திட்டம்.

2. ஒப்பீட்டில் முன்னால் நிற்கும் பகுதிகளுக்கு முதலில் உலோகச் சோதனைக்கூடம் கட்டித் தரப்படும் என்று அதே உறையிலிருந்த இன்னொரு கடிதம் சொன்னது.

3. திருச்செங்கோட்டுப் பட்டறைகள் என் பங்குக்கு வந்தன.

4. ஏறக்குறைய எல்லாப் பட்டறைகளும் ‘இல்லை’ என்று எழுதிக் கொடுத்தன.

5. ஒரு பட்டறையில் மட்டும் ‘இல்லை’ என்பதை நான் ஏற்றுக்கொள்ளவில்லை. அங்கே ஆராய்ச்சி நடந்திருந்தது. அதன் செலவு, அக்கா தங்கைகளுக்குக் கொடுத்த சீர் என்று எழுதப்பட்டிருந்தது.

6. அது சீர் இல்லை, சோதனைதான் என்று கையெழுத்து வாங்கி வரும்படி என் மேலதிகாரி சொன்னார். வாங்கி வந்தேன்.

7. வாங்கி வந்த பிறகு அந்த வரியை அவர் அடித்தார்.

இப்போது அந்த அலுவலகத்தில் நான் பார்த்த வேலையில் இருக்கும் இரண்டு பெண்கள் போன மாதம் வீட்டுக்கு வந்தார்கள். அதே கணக்கெடுப்பு மறுபடி வருகிறதாம். “பட்டறைக்காரங்க எல்லாம் ‘இல்லை’ன்னே எழுதறாங்கக்கா, நீங்க எப்படி எடுத்தீங்க?” என்று கேட்டார்கள். வாயால் சொன்னேன். சொன்னது போதவில்லை என்று தோன்றியதால் எழுதுகிறேன்.

ஓய்வு பெற்றவள் என்று என்னைச் சொல்லிக்கொள்ள எனக்கு வயது இல்லை. முப்பத்து நான்கு வயதில் நானாக வேலையை விட்டவள். இந்த ஒரு விஷயத்துக்காகத்தான் விட்டேன் என்றால் அது பொய். ஆனால் விடுவதற்கான காரணங்களை ஒரு தாளில் எழுதிப் பார்த்தபோது இது இரண்டாவதாக வந்தது. முதல் காரணம் என் சொந்த விஷயம்.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சேலம் டவுனில், எங்கள் பங்கின் மாதா கோயிலுக்குப் பின்தெருவில் வளர்ந்தேன். அப்பா அச்சகத்தில் எழுத்துக் கோப்பவர். புள்ளியியல் படித்தேன். தேர்வு எழுதினேன். கிடைத்தது. மூன்று மாதம் வகுப்பு வைத்தார்கள். அதில் ஒரே ஒரு பாடம் என்னுடன் தங்கியது: கேட்டதை எழுதாதே, பார்த்ததை எழுது, இரண்டும் வேறுபட்டால் குறிப்புப் பத்தியில் எழுது. அந்தப் பாடத்தை நான் ஒழுங்காகக் கடைப்பிடித்தேன். அதனால் வந்ததுதான் இவ்வளவும்.

படிவம் மூன்று பிரதிகள். நடுவில் கரித்தாள் வைத்து அழுத்தி எழுத வேண்டும். மூன்றாவது பிரதியில் எழுத்து தெரியாவிட்டால் திரும்பி வரும். பத்திகள் பதினான்கு. ஆறாவது பத்தி: ‘ஆராய்ச்சி, அபிவிருத்திக்குச் செய்த செலவு’. பதினான்காவது பத்தி: ‘குறிப்பு’. நிரப்பிய படிவம் முதலில் என் மேசையில் கூட்டிச் சரிபார்க்கப்படும். பிறகு என் மேலதிகாரியான துணை இயக்குநரிடம் போகும். அவர் பச்சை மையில் கையெழுத்திட்டால் தலைமைக்குப் போகும்.

துணை இயக்குநரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் கெட்ட மனிதர் இல்லை. லஞ்சம் வாங்கியதில்லை. ஒரு நாளும் குரலை உயர்த்தியதில்லை. பெண் ஊழியர்களை ‘அம்மா’ என்று மட்டும் கூப்பிடுவார். காலையில் வந்ததும் கைக்குட்டையால் மேசையைத் துடைத்து, பச்சைப் பேனா, சிவப்புப் பென்சில், மர அடிகோல் மூன்றையும் ஒரே இடைவெளி விட்டு வைப்பார். ஒரு வரியை அடிக்க வேண்டுமென்றால் கையால் கிறுக்க மாட்டார். அடிகோலை வைத்து, நடுவில் சரியாக ஒரு கோடு இழுப்பார். அடித்த பிறகும் அடியிலுள்ள எழுத்தைப் படிக்க முடியும். “அழிக்கக் கூடாதும்மா, அடிக்கத்தான் செய்யணும். நாளைக்கு யாராவது கேட்டா என்ன இருந்ததுன்னு தெரியணும்” என்பார். அந்த ஒழுங்கை நான் முதலில் மதித்தேன். அவரைப் போலவே என் மேசையையும் வைத்திருந்தேன்.

திருச்செங்கோட்டில் அப்போது ரிக் லாரிகள் பெருகிக்கொண்டிருந்த நேரம். நிலத்தில் துளை போடும் எந்திரத்தை லாரியில் ஏற்றி ஊர் ஊராகப் போவார்கள். அந்த லாரிகளுக்குப் பின்னால் பட்டறைகள். மலை அடிவாரத்திலிருந்து சங்ககிரி ரோடு வரை கடைசல் எந்திரங்களின் சத்தம். நான் படிவப் பையோடு ஏறி இறங்குவேன். எல்லா இடத்திலும் ஒரே பேச்சு.

“ஆராய்ச்சிங்களா? அதெல்லாம் மெட்ராசுல பண்ணுவாங்கம்மா. நாங்க இரும்படிக்கறவங்க.”

“புதுசா ஏதாவது செஞ்சு பார்த்திருப்பீங்களே?”

“பாக்காம இருக்க முடியுங்களா? அது சோலிங்க. ஆராய்ச்சி இல்லீங்க.”

இப்படியே ‘இல்லை’, ‘இல்லை’, ‘இல்லை’. மூன்று பிரதியிலும் தெளிவாக விழும்படி அழுத்தி எழுதினேன்.

சின்னுசாமியின் பட்டறைக்குப் போனது ஒரு செவ்வாய்க்கிழமை. அண்ணன் தம்பி இருவர் கூட்டாக நடத்தியது. நாற்பது வயது இருக்கும் அவருக்கு. பாறையை உடைத்து இறங்கும் பிட்டுகளைச் செய்து ரிக் லாரிக்காரர்களுக்கு விற்பார். படிவத்தைக் காட்டியதும் அவரும் சிரித்துவிட்டு ‘இல்லை’ என்றார். எழுதப் போனேன். அப்போதுதான் அவருக்குப் பின்னாலிருந்த சுவரைப் பார்த்தேன்.

சுவர் முழுக்கக் கரியால் எழுதியிருந்தது. முதலில் பூசிய சுண்ணாம்பு தெரியாத அளவுக்கு. வரிசைகள், கட்டங்கள். நான் எழுந்து பக்கத்தில் போய்ப் படித்தேன். ஒவ்வொரு வரியிலும் ஐந்து செய்திகள்: எந்த லாரியின் அச்சு, காய்ச்சி எண்ணெயில் பதம் கொடுத்ததா தண்ணீரிலா, பாறையைக் குத்த பிட்டின் முகத்தில் பதித்த பொத்தான்கள் எத்தனை, எத்தனை அடி இறங்கியது, எப்படி உடைந்தது.

“இது என்னங்க?”

“அதுங்களா? சங்ககிரியில லாரிக நிக்கற எடத்துல ஒடஞ்ச ஆக்சில எடைக்குப் போடுவாங்கம்மிணி. அத வாங்கியாந்து பிட்டு பண்றது. வெளிநாட்டு பிட்டு வாங்க நம்மளால ஆகுங்களா? ஆனா ஒவ்வொரு ஆக்சிலும் ஒவ்வொரு இரும்பு. ஒண்ணு எண்ணெயில போட்டா நிக்குது. இன்னொண்ணு அதே எண்ணெயில போட்டா கழுத்துல ஒடயுது. எது எதுன்னு எப்படித் தெரியும்? போட்டுத்தான் பாக்கோணும். பாத்தத எழுதி வெச்சிருக்கறேன்.”

“இரும்பைச் சோதித்துச் சொல்ல யாரும் இல்லையா?”

“இருக்காங்க. துண்டு வெட்டிப் பட்டணத்துக்குத் தாட்டிவுடோணும். ஒரு மாசங் கழிச்சு காயிதம் வரும். அதுக்குள்ள மிச்ச ஆக்சிலெல்லாம் பிட்டாகி, ஒடஞ்சும் போயிருக்கும்.” சொல்லிவிட்டு அவரே சிரித்தார். “காயிதம் சரியாத்தானுங்க வரும். எதனால ஒடஞ்சுதுன்னு தெளிவாச் சொல்லுவாங்க.”

மாதிரி எடுத்தல், ஒரே நேரத்தில் ஒரு காரணியை மட்டும் மாற்றுதல், விளைவைப் பதிதல். கல்லூரியில் மூன்று வருடம் எனக்குச் சொல்லிக் கொடுத்ததெல்லாம் அந்தச் சுவரில் இருந்தது. அவர் அதை ‘சோலி’ என்றார். அன்று மதியம் முழுக்க அந்தச் சுவரை ஒரு பெரிய தாளில் அட்டவணையாக எழுதி எடுத்தேன்.

“போட்டுப் பார்க்கிறேன் என்கிறீர்களே, எங்கே போட்டுப் பார்ப்பீர்கள்?”

அவர் கொஞ்சம் தயங்கினார். உள்ளே தம்பி இல்லை என்று பார்த்துக்கொண்டு சொன்னார்.

“அசலாரு தோட்டத்துல போட்டுப் பாக்க உடுவாங்களா? அடிக்கு இத்தனைன்னு காசு குடுக்கறவன் தோட்டத்துல பிட்டு ஒடஞ்சு அடியில மாட்டுனா, நம்ம சட்டையப் புடிச்சிருவான். அதனால பொறந்தவங்க தோட்டத்துல போடறது. அக்கா ஒருத்தி, தங்கச்சிக ரெண்டு. தண்ணி வந்தா அவங்களுக்கு. வல்லீன்னா வல்லை. மொத்தம் ஏழு போரு.”

“அந்தச் செலவை எப்படி எழுதுவீர்கள்?”

“சீருன்னு எழுதீருவனுங்க.”

எனக்கு விளங்கவில்லை. எங்கள் வீட்டுப் பழக்கத்தில் இது இல்லை. அவர் விளக்கினார்.

“நட்டம்னு எழுதுனா என்ற தம்பி கேப்பான். ‘ஏண்ணா, ஒடயற பிட்டயே எத்தன நாளைக்கு எறக்குவே’ம்பான். பொறந்தவளுக்குச் சீரு குடுத்தன்னு எழுதுனா எவனாச்சும் கேப்பானுங்களா? கேட்டா ஊருல தலகாட்ட முடியுமா அவன்?”

“அப்படியானால் அது சீரா, சோதனையா?”

“ரெண்டுந்தானுங்க” என்றார், இதில் என்ன கேள்வி என்பது போல.

நான் ஆறாவது பத்தியில் ஏழு ஆழ்துளைக் கிணறுகளின் செலவை எழுதினேன். பதினான்காவது பத்தியில், ‘பட்டறைக் குறிப்பேட்டில் இது சீர் என்று பதியப்பட்டுள்ளது, நேரில் விசாரித்ததில் பிட் சோதனைக்கான செலவு என்று தெரிகிறது’ என்று எழுதினேன். பார்த்ததை எழுதினேன். அந்தக் குறிப்பு இல்லாமல் விட்டிருந்தால் யாரும் கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள். இதை இத்தனை வருடங்களில் பலமுறை யோசித்திருக்கிறேன். இன்றும் அதை எழுதியிருக்கக் கூடாது என்று என்னால் சொல்ல முடியவில்லை.

துணை இயக்குநர் படிவத்தை இரண்டு முறை படித்தார். என்னை உட்காரச் சொல்லவில்லை. யாரையும் சொல்ல மாட்டார்.

“சீர்வரிசையை ஆராய்ச்சின்னு எழுதச் சொல்றீங்களாம்மா?”

பக்கத்து மேசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. நான் சுவரிலிருந்து எடுத்த அட்டவணையை நீட்டினேன். அவர் அதையும் படித்தார். உண்மையாகவே கவனமாகப் படித்தார். ஓர் இடத்தில் கூட்டல் தவறு இருந்ததைச் சுட்டிக் காட்டினார்.

“நல்லா எடுத்திருக்கீங்க. ஆனா சுவரைக் கோப்புல வைக்க முடியாது. சம்பந்தப்பட்டவங்க எழுத்துமூலம் சொல்லணும். கிணறு யார் நிலத்துல இருக்கோ அந்தப் பட்டாதாரர் கையெழுத்து போடணும்.”

தாள் எடுத்து வாசகத்தை அவரே எழுதினார். ‘எனது நிலத்தில் மேற்படி பட்டறையார் போட்டுக் கொடுத்த ஆழ்துளைக் கிணறுகள் சீராகக் கொடுக்கப்பட்டவை அல்ல என்றும், பட்டறையாரின் சொந்தச் சோதனைக்காகப் போடப்பட்டவை என்றும் இதன்மூலம் உறுதி கூறுகிறேன்.’

“சார், சீராகவும் சோதனையாகவும் என்று எழுதினால் போதாதா?”

“ஒரு செலவு ஒரு தலைப்புலதாம்மா வரும்.”

சின்னுசாமியிடம் சோதனைக்கூடத்தைப் பற்றிச் சொல்லி, வாசகத்தைப் படித்துக் காட்டினேன். அவர் ‘அல்ல’ என்ற இடத்தில் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். கடைசல் எந்திரத்தை நிறுத்தினார்.

“பட்டா எங்கக்கா பேருல இல்லீங்க. மச்சான் பேருல இருக்குது. மச்சான் கிட்டப் போயி, நான் உங்களுக்குக் குடுத்தது சீரு இல்லீன்னு கையெழுத்து வாங்கச் சொல்றீங்க.”

“கட்டாயம் இல்லை. வேண்டாம் என்றால் ‘இல்லை’ என்று மாற்றி எழுதிக்கொள்கிறேன்.”

“எழுதுனா சோதனைக்கூடம் வந்துருங்களா?”

வரும் என்று நான் சொல்லவில்லை. வரிசையில் நமக்கு ஒரு எண்ணாவது இருக்கும், இல்லாவிட்டால் எதுவுமே இருக்காது என்று சொன்னேன். அதுதான் எனக்குத் தெரிந்த உண்மை. அவர் சுவரைப் பார்த்தார். மேலே எழுத இடம் இல்லாத சுவர்.

“இங்கயே சோதனை பண்ணிச் சொல்லீட்டாங்கன்னா, மூணு பிட்டு ஒடயற எடத்துல ஒண்ணு ஒடயும். இப்பிடியே போனா ரெண்டு வருசத்துல பட்டறைய மூட வேண்டியதுதான். வாங்க, போலாம்.”

தங்கைகள் வீட்டில் சிக்கல் இல்லை. ஒரு தங்கையின் கணவர் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். இன்னொருவர், “இதுக்கு எதாச்சும் லோன் வருங்களா?” என்று மட்டும் கேட்டார். அக்கா பாவாயியின் வீடு எலச்சிபாளையம் பக்கம். அவர்கள் தோட்டத்தில்தான் அதிகம்: மூன்று கிணறுகள். முதல் இரண்டிலும் பிட் உடைந்து அடியிலேயே நின்றுவிட்டது. மூன்றாவதில் தண்ணீர் வந்தது. அதை வைத்துத்தான் வேர்க்கடலை போட்டிருந்தார்கள்.

பாவாயி அக்கா மோர் கொண்டுவந்து கொடுத்தார். அவருடைய கணவர் வையாபுரி கட்டிலில் உட்கார்ந்து தாளை வாங்கி, விரலை வைத்து எழுத்துக் கூட்டி வாய்விட்டுப் படித்தார். ‘அல்ல என்றும்’ வரை வந்ததும் திரும்ப முதலிலிருந்து படித்தார்.

“ஏஞ் சின்னு, எனக்கு வெளங்கல. நோம்பிக்கு நோம்பி ‘மச்சானுக்கு இந்த வருசச் சீரு போரு’ன்னு ஒறம்பரைச் சனம் முன்னால சொன்னியே. அது என்ன?”

“சீருதான் மச்சான். இது ஆபீசுக்குக் குடுக்கற காயிதம்.”

“ஆபீசுல ஒண்ணு, ஊட்டுல ஒண்ணா? சீரு இல்லீன்னு கையெழுத்துப் போட்டா சீரு இல்லீன்னுதான அர்த்தம்? ஒடயற பிட்ட எறக்கிப் பாக்கறதுக்கு என்ற தோட்டந்தான் உனக்குக் கெடச்சுதா?”

சின்னுசாமி தலை குனிந்திருந்தார். பாவாயி அக்கா சமையல்கட்டு வாசலில் நின்றபடியே பேசினார்.

“எனக்குத் தெரியாதா? மூணு நாளு ஒரே குழியில பிட்டு மாத்தி மாத்தி எறக்கி, ஒவ்வொண்ணையும் தூக்கி மோந்து பாக்காத கொறையாப் பாத்துட்டு இருந்தான். சீரு குடுக்கறவன் எவனாச்சும் அப்பிடிப் பாப்பானா? மொதப் போருலயே எனக்குத் தெரியும்.”

“தெரிஞ்சுமா எங்கிட்டச் சொல்லல?”

“என்னத்தச் சொல்றது? தண்ணி வந்துச்சில்ல. பொறந்தவன் குடுத்த தண்ணி. அவன் பாத்துட்டுக் குடுத்தா என்ன, பாக்காமக் குடுத்தா என்ன? ஏனுங்கம்மிணி, நீங்க சொல்ற சோதனைக்கூடம்ங்கறது வந்தா இவம் பொழப்பு நெலைக்குமா?”

“நிலைக்க உதவும் அக்கா.”

“அப்பப் போடுங்க கையெழுத்த” என்றார் கணவரைப் பார்த்து.

வையாபுரி என்னிடம் பேனா கேட்டார். மெதுவாகத் தன் முழுப் பெயரையும் எழுதினார். எழுதி முடித்துத் தாளை என்னிடம் தராமல் சின்னுசாமியிடம் நீட்டினார்.

“இந்தா. சீரு வாங்கலைன்னு எழுதிக் குடுத்துட்டன். இனி உனக்கும் எனக்கும் சீரும் இல்ல, மொறையும் இல்ல.”

திரும்பி வரும்போது பேருந்தில் சின்னுசாமி என்னோடு பேசினார். மச்சான் கோபம் தீபாவளி வரை இருக்கும், பிறகு அக்கா சரிசெய்துவிடுவாள் என்றார். நானும் நம்பினேன்.

மறுநாள் காலை பத்தரை மணிக்கு மூன்று தாள்களையும் துணை இயக்குநர் மேசையில் வைத்தேன். அவர் ஒவ்வொன்றையும் பார்த்து, வலது மேல் மூலையில் பக்க எண் போட்டு, கோப்பில் வைத்து, நூல் கோத்துக் கட்டினார். பிறகு படிவத்தை எடுத்தார். அடிகோலை ஆறாவது பத்தியின் மேல் வைத்தார். கோடு இழுத்தார். பக்கத்தில் பச்சை மையில் ‘இல்லை’ என்று எழுதினார்.

“சார், கையெழுத்து வாங்கி வந்திருக்கிறேனே” என்றேன்.

அவர் அறிவுறுத்தல் புத்தகத்தைத் திறந்து என் பக்கம் திருப்பி வைத்தார். பக்கத்தைத் தேடவில்லை, அங்கே ஏற்கெனவே தாள் துண்டு செருகியிருந்தது. ஆராய்ச்சிச் செலவு என்றால், அதற்கென்று தனிப் பிரிவும், அதில் முழுநேரமாக வேலை செய்யும் தகுதி பெற்ற ஒருவரும் இருந்தாக வேண்டும் என்று அந்தப் பத்தி சொன்னது.

“இது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா சார்?”

“தெரியும்.”

“அப்படியென்றால் கையெழுத்து எதற்கு?”

“நீங்க குறிப்பு எழுதிட்டீங்களேம்மா. குறிப்புன்னு ஒண்ணு இருந்தா அதுக்கு விளக்கம் இருக்கணும். விளக்கம் இல்லாம அடிச்சா தணிக்கையில கேப்பாங்க. கோப்பு முழுசா இருக்கணும்ல.”

அவர் இதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. எனக்கு ஒரு வேலையைக் கற்றுக் கொடுப்பது போலச் சொன்னார். அதனால்தான் இன்றும் ஆறவில்லை. கெட்ட எண்ணத்தோடு ஒருவர் செய்திருந்தால் அவரைத் திட்டிவிட்டு மறந்திருப்பேன். ஒரு குடும்பத்தின் நடுவில் என்னை அனுப்பி, அதை இரண்டாக்கி எடுத்துவரச் செய்து, அதற்குப் பக்க எண் போட்டுக் கட்டிவைத்தார். அது பயன்படாது என்று அனுப்பும் முன்பே அவருக்குத் தெரியும். வெளியே போவதற்கு முன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

மறுப்புக் குறிப்பு ஒன்று எழுதிக் கொடுத்தேன். இரண்டு பக்கம், ஒன்பது காரணங்கள், எண் போட்டு. படித்தார். “சரி, இதையும் வைங்க” என்று அதற்கும் பக்க எண் போட்டார்.

மூன்று மாதம் கழித்து எல்லாப் பகுதிகளின் படிவங்களையும் கூட்டிச் சரிபார்க்கத் தலைமை அலுவலகத்துக்கு என்னை ஒரு வாரம் அனுப்பினார்கள். அங்கேதான் மற்ற பகுதிகளின் படிவங்களைக் கண்ணால் பார்த்தேன். வேறொரு பகுதியிலிருந்த ஒரு பெரிய ஆலையின் படிவத்தை இன்னும் வரி வரியாகச் சொல்ல முடியும். அங்கே ஆராய்ச்சிப் பிரிவு இருந்தது. தனி அறை, வெளியே பலகை, பட்டம் பெற்ற ஒருவர், அவருக்கு ஒரு எடுபிடி. அறைக்குப் போட்ட நாற்காலி, மின்விசிறி, பிரிவுத் தலைவரின் காருக்குப் பெட்ரோல் எல்லாம் ஆறாவது பத்தியில் இருந்தது. அந்த வருடம் அந்தப் பிரிவு என்ன செய்தது என்று கேட்கும் பத்தி படிவத்திலேயே இல்லை. நான் நான்கு முறை கூட்டினேன். கூட்டல் சரியாக இருந்தது. பக்கத்தில் சரிக்குறி போட்டேன். போடுவதுதான் என் வேலை.

பகுதிவாரி ஒப்பீட்டு அட்டவணை அச்சாகி வந்தது. அந்த ஆலை இருந்த பகுதி மேலே இருந்தது. திருச்செங்கோடு அடங்கிய வரியில் தொகைக்குப் பதில் ஒரு சின்னக் கோடு. முன்னுரையில், ‘இப்பகுதித் தொழில்முனைவோரிடம் ஆராய்ச்சி மனப்பான்மை குறைவாகக் காணப்படுகிறது’ என்று எழுதியிருந்தார்கள். சோதனைக்கூடம், அட்டவணையில் மேலே இருந்த பகுதிக்குப் போனது. ஏற்கெனவே செலவு செய்ய முடிந்தவர்களிடமே அது போய்ச் சேர்ந்தது. அங்கே சோதிக்க வேண்டிய இரும்பு எவ்வளவு இருந்தது என்று யாரும் ஒப்பிடவில்லை.

சின்னுசாமியிடம் நானே போய்ச் சொன்னேன். கடிதம் போட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்ளலாம் என்றுதான் முதலில் நினைத்தேன்.

அறிவுறுத்தல் புத்தகத்தில் இருந்ததைச் சொன்னதும், “பலகையா?” என்றார். “பலக எழுதி மாட்டியிருந்தா போதுங்களா? லாரிக்குப் பேரெழுதறவன் ஒரு டீக் காசுக்கு எழுதிக் குடுத்திருப்பானே. தகுதி பெத்த ஆளுன்னா என்ற தம்பி பொண்டாட்டி எஸ்.எஸ்.எல்.சி. அவள உக்கார வெச்சிருப்பன்.”

நான் சிரிக்கவில்லை. அவரும் பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

“அம்மிணி, ஒண்ணு கேக்கறன். அந்த ஆபீசரு, அந்தக் காயிதத்தயாச்சும் திருப்பிக் குடுப்பாருங்களா? குடுத்தா மச்சான் முன்னால கிழிச்சுப் போட்டுருவேன்.”

கேட்டேன். மூன்று முறை எழுத்துமூலம் கேட்டேன். கோப்பில் பக்க எண் போட்ட தாளை எடுத்தால் பக்கம் குறையும் என்று மூன்று முறையும் ஒரே பதில் வந்தது. நான்காவது முறை, யாரும் இல்லாத நேரத்தில் கோப்பு அறைக்குள் போய் அந்தத் தாள் இருந்த கோப்பைக் கையில் எடுத்தேன். நூலை அவிழ்த்தும் விட்டேன். பிறகு கட்டிவைத்துவிட்டு வந்துவிட்டேன். இதை நான் பெருமையாகச் சொல்லவில்லை. அன்று அந்தத் தாளை நான் கிழித்திருக்க வேண்டும். என் வேலை போயிருக்கும், அவ்வளவுதான். பின்னால் எப்படியும் அதை நானே விட்டுவிட்டேன்.

அந்த இரண்டு பெண்களுக்கும் நான் சொன்னது இது. முதலில் அறிவுறுத்தல் புத்தகத்தை எடுத்து, தாள் துண்டு எங்கே செருகியிருக்கிறது என்று பாருங்கள். உங்களை யாராவது கையெழுத்து வாங்க அனுப்பினால், வாங்கினால் எண்ணிக்கையில் சேருமா என்று போகும் முன் எழுத்தில் கேளுங்கள். பதில் வராமல் பேருந்து ஏறாதீர்கள். பட்டறைக்காரர் ‘இல்லை’ என்றால், அவருக்கு அது ஏன் வசதியாக இருக்கிறது என்று தெரியாமல் அதை மாற்றாதீர்கள்.

இப்போதைய நிலை இது. புதிய கணக்கெடுப்பின் படிவம் வந்துவிட்டது; தனிப் பிரிவு வேண்டும் என்ற விதி மாறவில்லை. துணை இயக்குநர் பதவி உயர்வு பெற்று ஓய்வும் பெற்றுவிட்டார். திருச்செங்கோட்டில் சோதனைக்கூடம் இல்லை. இரும்புத் துண்டுகள் இன்னும் வெளியூருக்குத்தான் போகின்றன. சின்னுசாமி பிட் செய்வதை நிறுத்திவிட்டு, வெளியிலிருந்து வரும் பிட்டுகளை வாங்கி விற்கிறார். சுவருக்கு வெள்ளையடித்துவிட்டார். தம்பி தனியாகப் பிரிந்து போய்விட்டார். பாவாயி அக்கா தன் மகள் கல்யாணத்துக்குச் சின்னுசாமியை அழைக்கச் சொல்லி எவ்வளவோ கேட்டும் வையாபுரி அழைக்கவில்லை. மூத்த தாய்மாமன் இல்லாமலே கல்யாணம் நடந்தது. மூன்றாவது கிணற்றில் தண்ணீர் இருக்கிறது.